‘அல்மூமியா’: உடைமையும் அமானிதமும்

அரபு இலக்கணம் ஓதிக்கொடுக்கும் நாம் திரைப்படம் ஒன்றைத் திறனாய முற்பட்டது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எகிப்தியப் படங்கள் பெரும்பாலும் கெய்ரோ நகரத்துப் பேச்சு வழக்கில் அமைபவை. ஷாதி அப்துஸ் ஸலாம் 1969இல் உருவாக்கிய ‘அல்மூமியா’வோ ஃபுஸ்ஹா என்னும் செந்நடை அரபியில் பேசுகிறது. நஹ்வு கிதாபுகளில் நாம் கண்ட இஃராப் ஒலிகளை மேல் எகிப்தின் மலைவாழ் மாந்தர் நாவில் கேட்பது தனி இன்பம். அந்நாட்டுக் குடியானவர் அவ்வாறு பேசுவதில்லை என்பது மெய்யே. ஆயினும், மூவாயிரம் ஆண்டுப் பழமையோடு வழக்காடும் ஒரு கதையை அன்றாடப் பேச்சு தாங்காது என்று இயக்குநர் கருதியிருத்தல் வேண்டும். அதில் நமக்கு உடன்பாடே. ஓரிரு இடங்களில் உரையாடல் குத்பாப் பிரசங்கம்போல் விறைத்து நிற்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கதைக்கு அடிப்படை 1881இல் உண்மையாக நிகழ்ந்தது. நைல் நதியின் மேற்குக் கரையில், லக்ஸர் நகருக்கு எதிரே உள்ள தைருல் பஹ்ரி மலையில், இரண்டாம் ரம்ஸீஸ் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோரின் பதனிட்ட உடல்கள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. அவ்விடத்தைக் கண்டுகொண்ட ஒரு குடும்பத்தார் அங்கிருந்த பொருள்களைச் சிறுகச் சிறுக எடுத்து விற்றுவந்தனர். செய்தி வெளிப்பட்டதும் அதிகாரிகள் வந்து அனைத்தையும் படகேற்றிக் கெய்ரோவுக்குக் கொண்டுசென்றனர்.

படத்தில் அக்குலத் தலைவர் இறந்துபோக, அவருடைய மைந்தர் இருவரிடமும் இரகசியம் ஒப்படைக்கப்படுகிறது. சிறிய தந்தையர் அவர்களைக் குகைக்குள் அழைத்துச் சென்று, சடலத்தின் கழுத்தை அறுத்துப் பொன்னணியை எடுக்கின்றனர். இத்தனை காலம் தாம் உண்ட உணவு எங்கிருந்து வந்தது என்பதை இளைஞர்கள் உணரும் கணம் அது. மூத்தவன் மறுக்கிறான், கொல்லப்படுகிறான். இளையவன் வனீஸ் இரவெல்லாம் அலைந்து, முடிவில் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். இங்கேதான் இயக்குநரின் நேர்மையை நாம் மதிக்கிறோம். வனீஸுக்கு வெற்றி மாலை சூட்டப்படவில்லை. விடியற்பொழுதில் பேழைகள் வரிசையாகச் சுமந்து செல்லப்படுகின்றன, படகு புறப்படுகிறது, அவன் கரையில் தனியனாகிறான். விற்றவர் செய்தது பிழைதான். எடுத்துச் செல்பவர் அந்த ஊரின் பசிக்கு என்ன விடை வைத்திருக்கிறார்? படம் அதைச் சொல்லவில்லை.

முன்னோர் விட்டுச்சென்றது யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் இப்படம், அதே கேள்விக்குத் தானும் உள்ளாகிறது.

பண்டைய கிதாபுகள் பிழைத்த வகையை நாம் அறிவோம். மாணவன் உஸ்தாதின் முன்னமர்ந்து படியெடுத்தான்; மூலத்தோடு ஒப்பிட்டான்; இஜாஸத் பெற்றான். ஒரு நகரின் நூலகம் எரிந்தாலும் மற்றொரு நகரில் ஒரு படி எஞ்சியது. திரைப்படத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நெகடிவ் எனப்படும் மூலச்சுருள் பெரும்பாலும் ஒன்றே. அதுவும் வெப்பத்திலும் ஈரத்திலும் காடியின் நெடி வீசிச் சுருங்கும், வண்ணம் வெளிறும். இரசிகர் பல்லாயிரவர் இருந்தும் அவர்களால் ஆவது ஒன்றுமில்லை. அச்சுருளை வைத்திருப்பவர் மனம்வைத்தால்தான் நல்ல படி பிறக்கும். ஆக, அவர் கையில் இருப்பது வாணிப உரிமை மட்டுமன்று, அப்படத்தின் உயிரும்கூட.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், எகிப்தியப் பழம்படங்கள் பலவற்றின் மூலச்சுருள்களும் உரிமைகளும் ரொத்தானா, ஏ.ஆர்.டி. ஆகிய சவூதி முதலாளிகளின் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குக் கைமாறின. நாட்டின் நினைவே விலைபோயிற்று என்று கெய்ரோவில் வருந்தியவர் உண்டு. நாம் அவ்வளவு விரைவாகத் தீர்ப்பளிக்க மாட்டோம். விற்றவர்கள் தயாரிப்பாளர்களும் அவர்தம் வாரிசுகளும். அது அவர்களின் பொருள். வாங்கியவர்களும் அப்படங்களைத் தம் அலைவரிசைகளில் காட்டி இல்லந்தோறும் கொண்டுசேர்த்தனர். எனினும் விற்பனைக்கு முன்னர், ஒரு நல்ல படியேனும் பிறந்த மண்ணின் பொதுக் காப்பகத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருந்திருக்க வேண்டாமா? உடைமையாளருக்கு ஆதாயம் உரியது. அழியவிடும் உரிமை அவருக்கு உரியதன்று. மூலச்சுருள் அவரிடம் அமானிதம்.

‘அல்மூமியா’ அரசின் பணத்தில் எடுக்கப்பட்டது. இத்தாலிய இயக்குநர் ரோஸலினி இதற்காகப் பரிந்து பேசினார் என்பர். அதன் மூலச்சுருள்கள் கீஸாவிலுள்ள எகிப்தியத் திரைப்பட மையத்தில் இருந்தன. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 2007இல் நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளையின் முயற்சியால், 2009இல் இத்தாலியின் பொலோனியா நகரில் அவை செப்பனிடப்பட்டன.

வளைகுடாவில் பணியாற்றிய நம் பழைய மாணவர் ஒருவர் முன்பு கொணர்ந்து தந்த குறுவட்டில் இப்படத்தைக் கண்டபோது, எல்லாம் செம்மண் குழம்பாகத் தோன்றிற்று. குகையும் இரவும் ஒன்றே. யார் பேசுகிறார் என்பதைக் குரலால்தான் அறிந்தோம். இதையா இத்தனை புகழ்ந்தார்கள் என்றுகூட எண்ணினோம். செப்பனிட்ட படியைப் பின்னர் கண்டபோது வெட்கப்பட்டோம். கறுப்பு ஆடைகளுக்கும் மங்கிய வானத்துக்கும் இடையே, ஒளிப்பதிவாளர் அப்துல் அஸீஸ் ஃபஹ்மி விடியல், அந்தி ஆகிய ஒளிகளால் வரைந்த வேறுபாடுகள் அத்தனையும் அங்கே இருந்தன. நாம் முன்பு குறைகூறியது படத்தையன்று, தேய்ந்த படியை. தேய்ந்த படியைக் கண்டு ஒரு கலைஞனைக் குறைத்து மதிப்பிட்டோர் நம்மைப்போல் எத்தனை பேரோ!

ஷாதி முடித்த முழுநீளக் கதைப்படம் இது ஒன்றே. அக்னாத்தூன் என்னும் ஃபிர்அவ்னைப் பற்றி மற்றொன்று எடுக்க எண்ணி, எழுத்துப்படியிலும் ஆடை அரங்க ஓவியங்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1986இல் மறையும்வரை அது கைகூடவில்லை. அவருடைய ஓவியங்கள் இன்று அலெக்சாந்திரியா நூலகத்தில் அவர் பெயரிலான நிலையான காட்சிக்கூடத்தில் உள்ளன. செல்பவர் எவரும் அங்கே நின்று காணலாம்.