உயர்சொல்லும் வழக்கும்

ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல்லை வழக்கின்பாற் படுத்தும் தொல்காப்பியக் கிளவியாக்கம், அஃது இலக்கண நெறியன்று என்கின்றது. நன்னூலோ உயர்வு கருதிய பால்மயக்கத்தை இயல்பெனக் கொள்கின்றது. இவ்வேறுபாட்டை வழுவமைதி என்னும் ஒரு சொல்லாற் கடந்துவிடுதல் பொருந்தாது. ‘அவர்’ உயர்வொருமைக்கும் உரித்தாகவே, பன்மையைத் தெளிவுற உணர்த்த ‘அவர்கள்’ வேண்டப்பட்டது. சமுதாய நெறி சொல்லமைப்பையே மாற்றியது.

ஆயின், ‘அவர்’ எனத் தக்கார் யாவர், ‘அவன்’ எனப்படுவார் யாவர் என்பதை நூற்பா வரையறுத்திலது, வரையறுத்தது சமுதாயமே. ஆண்டில் மூத்த உழவரை நிலமுடைய இளைஞன் ‘அவன்’ என்றவிடத்து, பாலும் எண்ணும் இயைந்து நிற்றலின், இலக்கணம் வழுக் காணாது. எனவே, வழாநிலை அறத்திற்குச் சான்றாகாது. வழக்கினை ஆராய்வார், யார் யாரை எவ்வாறு சுட்டினர் என்பதனையும் உடன் ஆராய்தல் வேண்டும்.