தன் தோட்டாவுக்குத் தானே சாட்சி

பெருவேட்டைக்காரர்கள் இப்போது ஒரு புது நியாயம் பேசுகிறார்கள். தோட்டாவைக் கடையில் வாங்காமல் தன் கையாலேயே மருந்து அளந்து, குண்டு பொருத்திக் கட்டிக்கொள்பவன்தான் விலங்குக்கு உண்மையான கருணை காட்டுகிறான் என்பது அந்த நியாயம். எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, ஒரு தனி மனிதர் வரைந்த பெருந்துளைத் தோட்டா என்றால் கருணை இன்னும் கூடுமாம். ஆப்பிரிக்க வேட்டைக் காணொலிகளைப் பார்க்கும் நம் இளைஞர்கள் சிலரும் இதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். ஹேண்ட்லோடிங் (தோட்டாவைத் தானே கட்டுதல்), வைல்ட்கேட் (தனி மனிதர் வரைந்த தோட்டா) ஆகிய சொற்கள் அவர்களுக்குப் பாடம். 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் டெஃப்எக்ஸ்போ நடந்தபோது, பொதுமக்களை உள்ளே விட்ட நாளில், பீரங்கியைவிடச் சிறுதுப்பாக்கி மேசைகளைச் சுற்றித்தான் இளைஞர்கள் மொய்த்தார்கள். அந்த ஆர்வத்தில் எனக்குக் குறையில்லை. கருணை என்ற வாதத்தில்தான் குறை.

கைத்தோட்டாவுக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். 1960களில் கைனாக் நிறுவனம் பழைய பெருந்துளைத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டபோது, அந்தத் துப்பாக்கிகளைத் துருப்பிடிக்காமல் காத்தவர்கள் வீட்டு மேசையில் தோட்டா கட்டியவர்கள்தாம். தொழிற்சாலையும் தவறு செய்யும். 1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னத்தின் சிறிய கூட்டுக்குள் மருந்தை அழுத்தி அடைத்தார்கள். நாள்பட அது கட்டி தட்டி, சொன்ன வேகம் வரவில்லை. 1959-இல் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட வேட்டைக்காரர் ஜாக் லாட், பிறகு கூட்டை 2.8 அங்குலமாக நீட்டி .458 லாட் தோட்டாவை உருவாக்கினார். கையடைப்பின் மிகச் சிறந்த வாதம் அதுதான். பொறுமை, சிக்கனம், தன் துப்பாக்கியின் குணத்தை அறிதல் எல்லாம் உண்மை. இதற்கு மேல் பாராட்ட எனக்கு எதுவும் தெரியவில்லை.

நம் நாட்டில் விநோதத் துளைகள் பிறந்த கதை வேறு. 1907-இல் பிரிட்டிஷ் அரசு .450 துளைத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் தடை செய்தது. மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு ஆகும் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். அதைத் தாண்டுவதற்காகவே .470, .500/465, .476 என்று லண்டனிலும் பர்மிங்காமிலும் புதுப்புது அளவுகள் முளைத்தன. அதே பயத்தின் வாரிசுதான் இந்தியாவில் .303 தடைபட்ட துளையாக இருப்பதும், நம் ஆயுதத் தொழிற்சாலை வேட்டைக்காரருக்கு .315 செய்து கொடுத்ததும். இவற்றில் எதையும் ஒருவர் தன் வீட்டில் கண்டுபிடித்துத் தானே நல்லது என்று முத்திரை குத்திக்கொள்ளவில்லை. லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கம் 1637-இலிருந்தும், பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இலிருந்தும் இருக்கின்றன. அளவு மீறிய மருந்தைப் போட்டுக் குழலைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை. செய்தவர் ஒருவர், சோதித்தவர் வேறொருவர்.

என் ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. பெருந்துளைத் துப்பாக்கிகள் சிலவற்றில் அறைக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டைத் தாண்டும். தொழிற்சாலையில் இதை அளக்கத் தனிக் குழலும் கருவியும் உண்டு. வீட்டு மேசையில் இருப்பது பெரும்பாலும் குரோனோகிராஃப் மட்டும். அது வேகத்தைச் சொல்லும், அழுத்தத்தைச் சொல்லாது. அழுத்தத்தைக் கைத்தோட்டாக்காரர் ஊகித்தறிவது சில அடையாளங்களால்: பிரைமர் தட்டையாகிறதா, போல்ட் திறக்க இறுகுகிறதா. இவை பெரும்பாலும் எல்லை தாண்டிய பிறகே தெரியும். துப்பாக்கி வலுவானதாக இருந்தால் அந்த வலுவே குற்றத்தை மறைத்துக்கொடுக்கும். பழகிய தோட்டாவாக இருந்தால் பரிசோதித்த அட்டவணையாவது உண்டு. ஒரே ஒருவர் வரைந்த அளவுக்கு அதுவும் இல்லை. தாய்க்கூட்டின் கணக்கிலிருந்து ‘இவ்வளவு இருக்கலாம்’ என்று நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் செங்கல்பட்டுச் சாலையோரம் பூட்டி நிறுத்திய காருக்குள் கைவைத்துப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். மருந்து சூடேறினால் அழுத்தம் ஏறும். அந்தக் காலக் கம்பெனிகளுக்கே இது தெரிந்திருந்தது. வெப்ப நாடுகளுக்கென்று கார்டைட் அளவைக் குறைத்த தோட்டாக்களை அனுப்பினார்கள். இன்றைய ரசிகரோ வட அமெரிக்கக் குளிர்காலத்தில் கட்டிய தோட்டாவை அக்டோபரில் ஜாம்பேசிக் கரைக்குக் கொண்டுபோகிறார். கட்டிய நாளில் அது பத்திரமாகத்தான் இருந்தது.

இதுவரை சொன்னது சுடுபவரின் கையும் கண்ணும் பற்றியது. அவர் கை, அவர் கண். வேண்டுமானால் பணயம் வைத்துக்கொள்ளட்டும். குண்டு குழலை விட்டுப் போன பிறகு பணயம் வேறு உயிருடையது. ராபர்ட் ரூவார்க்கின் வேட்டை நூல் ஒன்றுக்கு ‘போதிய துப்பாக்கியைப் பயன்படுத்து’ என்றே தலைப்பு, 1966-இல் வந்தது. அந்தத் தலைப்பு ஒரு மந்திரமாகிவிட்டது. ‘போதும்’ என்று யார் சொல்வது? 1948-இல் வேட்டைக்காரர் ஜான் டெய்லர் ஒரு வாய்பாடு கொடுத்தார்: குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் வீழ்த்தும் திறன் வருமாம். 500 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,300 அடி வேகத்தில் விடும் .458 லாட்டுக்கு 75 மதிப்பெண். கரமோஜோ பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுத்திய 7 மில்லிமீட்டர் மவுசருக்கு இந்தக் கணக்கில் சுமார் 16 தான் வரும். (அந்த எண்ணிக்கையைப் பெருமையாக எழுதிவைத்த மனது தனிக் கதை.) பெல் யானைத் தலைகளை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று கற்றவர். அவர் நம்பியதும் ஜெர்மன் தொழிற்சாலைத் தோட்டாவை, ஏமாற்றாதது என்பதற்காக. டெய்லரின் நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: யானைக்கான கனத்த குண்டுகளை ஒப்பிடவே அவர் அதை வகுத்தார். அதைக் கருணையின் அளவுகோலாக்கியது பின்னால் வந்தவர்கள்.

பின்னால் வந்தவர்களுக்குத் தேவை தீர்ந்த பிறகும் அளவு தீரவில்லை. .577 டைரனோசர் 750 கிரெய்ன் குண்டு, .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 1,000 கிரெய்ன். சுட்டவர் பின்னால் சாய்ந்து விழும் காட்சிக்குத்தான் காணொலியில் சிரிப்பும் கைதட்டலும். அப்படி உதைக்கும் துப்பாக்கியை எடுப்பவர் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறார். குண்டு எங்கே போனது என்பது அவருக்கே தெரியாது.

ஜிம் கார்பெட் 1907-இல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பார்கள். அதன் வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் பழைய குண்டுக்காயத்தால் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்று கார்பெட் கருதினார். அந்த முதல் குண்டைச் சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ‘இன்னும் பெரிய துப்பாக்கியாக இருந்தால் அன்றே செத்திருக்கும்’ என்பார் நம் ரசிகர். வாயில் பட்ட குண்டு இடம் தவறிய குண்டு. இடம் தவறியதற்குத் துளையின் அகலம் மருந்தாகாது. அந்த முகம் தெரியாதவர் வீட்டுக்குப் போய், நல்ல வெடி, அடிபட்டு ஓடிவிட்டது என்று சொல்லியிருக்கவும் கூடும். கைத்தோட்டாக்காரரின் குறிப்பேட்டில் வேகம் இருக்கும், மருந்தின் எடை இருக்கும், தாளில் விழுந்த மூன்று ஓட்டைகளின் இடைவெளி இருக்கும். புதருக்குள் போனது வராது.

அதைப் பார்க்கச் சுட்டவருடையதல்லாத வேறு கண் வேண்டும். அந்தக் கண் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1790களில் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் முறையிட்டது சிப்பாய்களிடம் அல்ல, செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம். சிப்பாய்களைக் கேட்டிருந்தால் தங்கள் மருந்து எவ்வளவு உயர்ந்தது என்று விளக்கியிருப்பார்கள். கலெக்டர் கொடுத்த கௌல் என்ற உறுதிப் பத்திரம் ஏரியைக் காத்தது.

இந்தக் கரையில் கையால் மருந்து கெட்டித்தவர்களும் உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி நரிக்குறவர்களின் முன்னோர் நாட்டுத் துப்பாக்கியின் வாய்வழியே கருமருந்தைப் போட்டு, நாரோ கந்தலோ இட்டு, ஈயக்குண்டைக் கம்பியால் இடித்து இறக்கியவர்கள். அவர்கள் சுட்டது பசிக்கு. அதை யாரும் கலை என்று எழுதவில்லை. இன்று அப்படி ஒரு குழல் பிடிபட்டால் வழக்குத்தான். ஆயுதச் சட்டம் தோட்டா செய்யும் கருவியையே தோட்டா என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. 1972-இன் வனவிலங்குச் சட்டமும் 1991-இன் திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. எனவே கைத்தோட்டா ரசிகருக்கு இங்கே வேலையில்லை. அவர் பறந்துபோக வேண்டும், பறக்கப் பணம் வேண்டும். பூஞ்சேரியில் குற்றமாக இருப்பது ஜொகன்னஸ்பர்க் விமானத்தில் ஏறியதும் கருணையாகிவிடுகிறது.

ஜாக் லாட்டை மறுபடி என் முன் நீட்டுவார்கள். அவருடைய தோட்டாவையும் 1995-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் சங்கம் வரையறுத்து, அழுத்த எல்லை குறித்தது. பெரிய நிறுவனங்களும் அதைச் செய்து விற்றன. அதாவது அவர் கை வேலை பிறர் கருவிக்கு முன் நின்று தேறியது. தேறாமல் மேசையிலேயே நின்றுவிட்ட நூற்றுக்கணக்கான ‘கண்டுபிடிப்புகளை’ லாட்டின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்று: தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டு வேட்டைக்காரர் தனியாகச் சுடப் போக முடியாது, உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே இருக்க வேண்டும். எருமை அடிபட்டுப் புதருக்குள் நுழைந்தால் தேடிப்போய்க் கணக்கை முடிப்பது அவர் பொறுப்பு. கைத்தோட்டாவின் கருணையில் அவ்வளவு உறுதி என்றால், அந்த இரண்டாவது துப்பாக்கிக்கு ஏன் நாள்கணக்கில் கூலி கொடுக்கிறார்கள்?