கல்யாண மகாலும் கல்யாண மண்டபமும்

இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில், செஞ்சிக் கோட்டையைப் பற்றிய ஆறு புகைப்படங்களுக்கு அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். படங்களை எடுத்தவர் செஞ்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கல்யாணப் போட்டோகிராபர். பிழைப்புக்காகக் கல்யாணங்களை எடுக்க நேர்ந்தும் தன் பார்வையைக் கறைபடாமல் காப்பாற்றிக்கொண்டவர் என்று அவரைப் பாராட்டியிருந்தேன். நண்பர்கள் அந்த வாக்கியத்தை மெச்சினார்கள். இப்போது அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தவறு என்னுடையது மட்டுமல்ல என்று தோன்றுவதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் எனக்குப் பழக்கமானது கலையால் அல்ல, கடனால். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் காமிராவுக்குக் கடன் வாங்கியிருந்தார். (இதை எழுத அவர் சம்மதம் உண்டு, பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.) தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் தவணை ஒழுங்காக வரும். ஆடியிலும் மார்கழியிலும் வராது. முகூர்த்தத்துக்கு முன் நகையை மீட்க வருகிறவர்கள், முகூர்த்தம் முடிந்த கையோடு அதே நகையை அடகு வைக்க வருகிறவர்கள் என்று என் கவுண்டரிலும் இதே பஞ்சாங்கம்தான்.

அவர் வேலையை ஒருமுறை கூட இருந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை பெண் அழைப்பில் தொடங்கி மறுநாள் பந்தி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். தாலி ஏறுவது சில விநாடிகள். அந்த விநாடிகளில் புரோகிதர் கை, நாத்தனார் முதுகு, வீடியோக்காரர் தோள், ஹோமப் புகை, லென்ஸின் மேல் வந்து விழும் அட்சதை இவ்வளவும் குறுக்கே நிற்கின்றன. மறுபடி கட்டச் சொல்ல முடியாது. ஆல்பம் தயாரான பிறகும் பாக்கிப் பணம் வருவதற்கு மாதங்கள் ஆகும்.

கல்யாணம் இல்லாத மாதங்களில் கோட்டைக்குப் போவார். ராஜகிரியின் எண்ணூறு அடியை ஏறுவார். கிருஷ்ணகிரிக்கும் சந்திரகிரிக்கும் போவார். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத அந்த இடங்களைச் சாய்வெயிலில் எடுத்திருந்தார். நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் மண்டபம், கல்யாண மகால். ஒன்றிலும் ஆள் இல்லை. அதை ‘மௌனம்’ என்று என் குறிப்பில் பெயரிட்டிருந்தேன்.

இந்த மௌனத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கம்பெனிப் படையில் அதிகாரியாயிருந்த லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று படமெடுத்துக்கொண்டு போனார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். வெகுநேரம் திறந்து வைத்தால்தான் பதியும். தூண் பதியும், நடந்து போகிறவன் பதிய மாட்டான். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டினார். வானம் வெறுமையாக வந்த இடங்களில் நெகட்டிவிலேயே மேகம் தீட்டினார். 1859இல் கவர்னராக வந்த டிரவெல்யன் இது வீண்செலவு என்று நிறுத்திவிட்டார். வேலை நின்றது, பார்வை தங்கிவிட்டது. அன்றைக்கு ரசாயனத்தின் இயலாமையாக இருந்தது இன்றைக்கு நம் ரசனையாக இருக்கிறது. மனிதன் நடமாடாத கட்டிடம்தான் கட்டிடம் என்று நாமும் நம்புகிறோம். ஆட்டுக்காரர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் விலகிப் போகும்வரை காத்திருந்து எடுத்ததாக அவர் சொன்னபோது அதைத் தவம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணப் படங்களை நான் பார்த்ததே இல்லை. போன ஆடியில்தான், அவர் தொழில் பழகிய காலத்து ஆல்பம் ஒன்றை ஸ்டுடியோவில் புரட்டினேன். யாஷிகா இரட்டை லென்ஸ் காமிரா. ஒரு ரோலுக்கு 12 படம். எல்லாம் வழக்கமான வரிசைதான். ஒரே ஒரு படம் மட்டும் மணமேடையில் இல்லாமல் கீழே, பந்தல் காலுக்கு அருகில் எடுக்கப்பட்டிருந்தது. மாலையும் கழுத்துமாக மணமக்கள், இரு வீட்டார், நடுவில் மடக்கு நாற்காலியில் வெள்ளைச் சேலையில் ஒரு கிழவி. பெண்ணின் பாட்டி. கைம்பெண் என்பதால் மேடை ஏறவில்லை. காமிராவும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஆல்பத்தில் அவள் இருந்திருக்க மாட்டாள். உதவியாளாக இருந்த இவர்தான் மேடையிலிருந்தவர்களைக் கீழே இறங்கி வரச் சொல்லியிருக்கிறார். ஒரு பிலிம் வீணாயிற்று என்று ஸ்டுடியோ முதலாளி திட்டினாராம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“கோட்டை எங்கயும் போவாது சார். கெழவி போயிடும்.”

இது முழு உண்மையல்ல. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களே செஞ்சியிலிருந்து போனவை என்பார்கள். ஆனால் அவர் சொன்னதில் இருக்கும் பொறுப்பு என் ‘மௌன’த்தில் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து லட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறது. அதைச் சார்ந்த ஆய்வாளர்களே பிற்பாடு பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். கோபுரங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. எடைக்குப் போவது ஸ்டுடியோ நெகட்டிவ்தான்.

என் கவுண்டரில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க வந்த ஒரு மூதாட்டி, கல்யாண குரூப் படத்திலிருந்து கத்தரித்த தன் முகத்தைக் கொடுத்தாள். பக்கத்தில் வேறு யாரோ ஒருவர் தோள் தெரிகிறது, செல்லாது என்று திருப்பிக் கொடுத்தேன். விதி அப்படி. கோட்டைப் படங்களுக்கு நான் எழுதிய குறிப்பும் அதே விதிப்படி எழுதப்பட்டதுதான்: யாருடைய தோளும் தெரியக் கூடாது.

கல்யாணப் படம் எல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. இப்போது கல்யாணத்துக்கு முன்பே ஜோடியைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டுபோய் எடுக்கிறார்கள். அங்கே கோட்டை ஒரு திரைச்சீலை, மனிதர்கள் இரண்டு உடுப்புகள். வானத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுகிறார்கள். ட்ரைப் தீட்டிய மேகத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. இதையும் அவர் எடுக்கிறார், காசுக்கு. அவற்றில் அவர் இல்லை. யாரும் விட்டுப்போகக் கூடாது என்ற கடமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர் கண் விழித்திருக்கிறது. அந்தக் கடமையை அவருக்குக் கொடுத்தது தொழில்தான், கலை அல்ல.

2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் செஞ்சி மட்டும்தான். இனியாவது அவர் கல்யாணத்தை விட்டுவிட்டுக் கோட்டையை மட்டும் எடுக்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். பகலில் லெட்ஜரும் இரவில் விமர்சனமுமாக வாழும் எனக்கு இந்த யோசனையின் ருசி தெரியும். பிழைப்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கோடு கிழித்துக்கொண்டு, எழுத்தின் பக்கம் ஆள் வராமல் பார்த்துக்கொள்கிறோம். இருநூறு பேர் படிக்கும் பத்திரிகைக்கு அது சுத்தமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுத்தத்தில் யார் விடுபட்டார்கள் என்று கேட்டுப் பார்த்ததில்லை.

அவர் என்னிடம் கொடுத்தவை ஆறு படங்கள் அல்ல, ஏழு. ஏழாவதை நான் ஒதுக்கிவிட்டேன். கல்யாண மகாலின் முன்னால், கோட்டையில் புல் செதுக்கும் கூலிப் பெண்கள் ஒன்பது பேர், சாப்பாட்டு நேரத்தில். உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால், வயதானவள் நடுவில் உட்கார்ந்து. கல்யாண குரூப்பை நிறுத்துகிற மாதிரியே நிறுத்தியிருக்கிறார். இந்த முறைமைதான் அன்று எனக்கு மலினமாகப் பட்டது. இப்போது பார்த்தால், அடுக்கடுக்காக ஏறிக் கூம்பில் முடியும் அந்தக் கட்டிடம் எவ்வளவு உயரம் என்பது இந்த ஒரு படத்தில்தான் தெரிகிறது. அரசகுலப் பெண்கள் தங்கிய இடம் என்று சொல்லப்படும் அதன் முன்னால், பெண்கள் இருப்பதும் இந்தப் படத்தில்தான்.

இந்த இதழில் அதை வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி போட்டு அவர் அப்போதே கொடுத்துவிட்டாராம்.