பைக்குள் வெந்த வான்கோழி

“என்னடா இது, கவரோடயேவா அடுப்புல வைக்கப் போற? உருகி ஊத்திராது?”

வான்கோழியை வைத்துச் சுடும் பைகளின் பெட்டியை நான் பிரித்ததும், மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்திருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். காய்கறி வாங்கிவரும் பாலித்தீன் பையை ஓவனுக்குள் வைத்தால் ஊற்றித்தான் போகும். ஆனால் ‘ஓவன் பை’ என்று அமெரிக்க மளிகைக் கடைகளில் விற்பது நைலான். ஃபாரன்ஹீட்டில் 400 டிகிரி வரை, அதாவது நம் கணக்கில் 204 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வான்கோழிக்கான அளவு 19 அங்குலத்துக்கு 23½ அங்குலம். 24 பவுண்டு பறவை வரை உள்ளே போகும். ஒரு பெட்டியில் இரண்டு பைகள், வாயைக் கட்ட இரண்டு நைலான் நாடாக்கள். தொட்டால் பிஸ்கட் பொட்டலம் மாதிரி சலசலக்கிறது. நான்கு டாலர் சொச்சம் கொடுத்து வாங்கினேன்.

இதற்குப் பதிலாகக் கடையின் பழுப்புக் காகிதப் பையில் வைத்துச் சுடும் வழக்கமும் இங்கே சில வீடுகளில் உண்டு. அந்தக் காகிதம் சமையலுக்கானது அல்ல, தீப்பிடிக்கலாம், புகை கக்கலாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையே எச்சரிக்கிறது. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

போன வருஷ தேங்க்ஸ்கிவிங்குக்குப் பை இல்லாமல்தான் சுட்டேன். 14 பவுண்டு பறவை, 325 டிகிரி, நான்கு மணி நேரம். நெஞ்சில் செருகி விற்கும் பிளாஸ்டிக் பொத்தான் குதித்து எழட்டும் என்று காத்திருந்தேன். அது எழுந்தபோது நெஞ்சுக்கறி பஞ்சாகிவிட்டிருந்தது. விருந்தாளிகள் மரியாதைக்காக மென்றார்கள். பழைய சமையல் புத்தகங்களில் முழு வான்கோழிக்கு 180 டிகிரி என்று இருக்கும். வேளாண்மைத் துறை 2006-இலேயே அதைக் கைவிட்டு, பறவை இறைச்சிக்கெல்லாம் 165 டிகிரி (74 செல்சியஸ்) போதும் என்று சொல்லிவிட்டது. பொத்தானை நம்பாதீர்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், பைக்கு முன்னால் அதுதான் அவசியம்.

இந்த வருஷம் 13½ பவுண்டு. உறைந்த பறவையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு. ஞாயிறு மாலை இறக்கி வைத்தது வியாழன் காலையில் பதமாக இருந்தது. கழுத்து ஒரு பொந்துக்குள், ஈரல் முதலான உள்ளுறுப்புகள் காகிதப் பொட்டலமாக இன்னொரு பொந்துக்குள். இரண்டையும் மறக்காமல் எடுக்கவேண்டும். அடுத்து, வீட்டில் ஒரு சின்னப் போர். மஞ்சள்தூள் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் கறி சமைப்பதை அம்மாவால் ஏற்க முடியவில்லை. இங்கே சொல்வதோ நேர் எதிர்: கழுவினால் கிருமி போகாது, சிங்க் முழுக்கத் தெறிக்கும், அதனால் கழுவாதே. நான் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தேன். அம்மா ஹாலுக்குப் போய்விட்டாள்.

பைக்குள் முதலில் ஒரு மேசைக்கரண்டி மைதாவைப் போட்டுக் குலுக்கவேண்டும். ஏதோ சடங்கு மாதிரி தெரியும், ஆனால் தவிர்க்கக்கூடாது. உருகும் கொழுப்பும் சாறும் தனித்தனியாகக் கொதித்துச் சிதறாமல் மாவு சேர்த்துப் பிடிக்கிறது, பை வெடிக்காமல் காப்பதும் அதுதான். அடியில் வெங்காயம், செலரி, கேரட். வெண்ணெயில் பூண்டும் மிளகும் குழைத்துத் தோலில் பூசினேன். உப்பைக் கைநிறைய அள்ளிவிடாதீர்கள். உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புக் கரைசல் ஏற்கனவே ஏற்றப்பட்டிருக்கும், உறையின் பொடி எழுத்தில் அது இருக்கும். வாயைக் கட்டி, மேலே அரை அங்குல நீளத்துக்கு ஆறு கீறல். கீறாவிட்டால் ஆவி போக வழியில்லை.

350 டிகிரியில் 10:10-க்கு உள்ளே போனது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பை பூரி மாதிரி உப்பிக்கொண்டது. இதற்காகத்தான் தட்டை ஓவனின் அடித்தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். பை சுவரிலோ மேலிருக்கும் வெப்பக் கம்பியிலோ பட்டால் கதை முடிந்தது. எனக்கு இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது, கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு முன்னாலேயே குந்தியிருந்தேன்.

பைக்குள் ஏன் சீக்கிரம் வேகிறது? திறந்த ஓவனில் கறியின் மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாவது வெப்பத்தை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அதாவது அடுப்புக்குள் இருக்கும்போதே பறவை தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பைக்குள் அந்த ஆவி வெளியேற முடியாமல் மறுபடி கறிமேலேயே படிந்து, தான் சுமந்த வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஆக, இது பேருக்குத்தான் ‘ரோஸ்ட்’. உண்மையில் நடப்பது தம் போடுவது. மாவு பிசைந்து மூடியை ஒட்டும் பிரியாணிச் சட்டிக்கும் இதற்கும் கொள்கையளவில் பெரிய வித்தியாசமில்லை.

12 முதல் 16 பவுண்டு வரை இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் என்கிறது பெட்டி. 11:55-க்கு ஒரு கீறல் வழியாக வெப்பமானியைக் குத்தினேன்: நெஞ்சில் 150, தொடையின் உட்புறத்தில் 161. இங்கே நான் பெட்டியில் சொல்லாத ஒரு வேலை செய்தேன். பையை மேலே நீளமாக வெட்டி, இருபுறமும் மடித்துத் தட்டுக்குள்ளேயே அமுக்கிவிட்டு, சூட்டை 400-க்கு ஏற்றினேன். (அதற்கு மேல் ஏற்றக்கூடாது, நைலான் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மேல்கம்பி மட்டும் எரியும் பிராய்லரும் கூடாது.) வெட்டும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். நான் கையை மறந்தேன், மணிக்கட்டில் ஆவி அடித்த தடம் ஒரு வாரம் இருந்தது. 12:20-க்கு நெஞ்சு 166, தொடை 177. இரண்டு மணி பத்து நிமிஷத்தில் முழுப்பறவை.

நெஞ்சுக்கறியை வெட்டியபோது பலகையில் சாறு ஓடியது. போன வருஷம் மரியாதைக்காக மென்ற அதே நண்பர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். தொடை எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. இந்த இரண்டிலும் பைக்கு முழு மதிப்பெண்.

தோல்தான் சிக்கல். நிறம் வராமல் இல்லை. மேலே பொன்னிறம், காலடியில் பழுப்பு. ஆனால் மொறுமொறுப்பு வரவே இல்லை. ஈரம் சூழ்ந்திருக்கும்வரை தோல் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டச் சிரமப்படும், வறுபடுவதற்கு அதைவிடச் சூடு வேண்டும். கடைசி 25 நிமிஷம் திறந்துவைத்ததில் மார்பின் மேல்பாகம் மட்டும் ஓரளவு தேறியது, பக்கவாட்டுத் தோல் ரப்பர். பத்திரிகை அட்டையில் வருவது போன்ற பளபளப்பை மேசைக்கு நடுவில் வைத்துப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். முதுகெலும்பை வெட்டியெடுத்துப் பறவையைத் தட்டையாக விரித்து, நல்ல சூட்டில் திறந்தே சுடுவது அவர்களுக்குச் சரி. கோழிக்கடையில் நின்று “தோலை உரிச்சிடுங்க” என்று சொல்லி வளர்ந்த எங்கள் வீட்டில் தோலைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. அமெரிக்க நண்பரின் மகள்தான் உதட்டைப் பிதுக்கினாள்.

இன்னொரு குறை பையின் மேல் இல்லை, என் மேல். ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய அலுமினியத் தட்டில் வைத்திருந்தேன். பைக்குள் மூன்று கோப்பைக்குக் குறையாமல் சாறு இறங்கியிருந்தது. வெளியே இழுத்தபோது தட்டு நடுவில் மடங்கி, கொதிக்கும் சாறு விளிம்புவரை வந்து திரும்பியது. குறைந்தது இரண்டு அங்குல ஆழமுள்ள கனத்த தட்டு வேண்டும், இல்லையென்றால் அடியில் ஒரு பேக்கிங் தட்டாவது கொடுங்கள்.

நேரம் மிச்சமானதைப் பற்றிச் சொல்லவேண்டும். தேங்க்ஸ்கிவிங் அன்று ஒரே ஓவனுக்கு ஏகப்பட்ட போட்டி: பூசணி ‘பை’ (pie), பச்சைபீன்ஸ் கேசரோல், சர்க்கரைவள்ளி. போன வருஷம் வான்கோழி நான்கு மணி நேரம் இடத்தைப் பிடித்துக்கொண்டதில் மற்றதெல்லாம் ஆறிப்போய் மேசைக்கு வந்தது. இந்த முறை பறவை இருபது நிமிஷம் வெளியே இளைப்பாறும்போதே கேசரோல் உள்ளே போய்விட்டது. நடுநடுவே திறந்து சாறை மொண்டு ஊற்றும் வேலை கிடையாது. தட்டைத் தேய்க்க எஃகு நார் தேவைப்படவில்லை. பை குப்பைக்குத்தான் போகிறது, அந்த உறுத்தல் இருக்கிறது.

சாறில் பாதி அன்றைக்கே கிரேவி ஆனது. மீதி குளிர்பெட்டியில் ராத்திரியில் கெட்டிப்பட்டு, மேலே வெள்ளையாகக் கொழுப்பும் கீழே தளதளவென்று கூழ்மமுமாக நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயம் தாளித்து, மிச்சக் கறியைப் பிய்த்துப் போட்டு, கூழ்மத்தை ஊற்றி மிளகுக் குழம்பு வைத்தாள். இட்லிக்கு. கழுவாத கறி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பெட்டியில் இன்னொரு பை இருக்கிறது. “ஒரு முழு ஆட்டுத்தொடை இதுல அடங்குமாடா?” என்று அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.