ஆற்றுப்படுத்துவோர் யார்?
உல்லாசப் பயண இணையத்தளங்களும் அவை பற்றிய ஆய்வுகளும்

சங்கச் செய்யுள் வகைகளுள் ஆற்றுப்படை தனித்தன்மை வாய்ந்த ஒன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நோக்கித் தான் சென்று வந்த வழியையும், வழியிலுள்ள ஊர்களையும், அவ்வூரார் இடும் உணவையும், முடிவிற் காணப்போகும் வள்ளலின் இயல்பையும் எடுத்துரைப்பதே அதன் அமைப்பாகும். பேசுபவன் சென்று கண்டவன். கேட்பவன் அவனை ஒத்த நிலையினன். வழியில் வாழும் மக்களோ வெறுங் காட்சிப் பொருளாக நில்லாது விருந்தளிப்போராக இயங்குகின்றனர். சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்து நெய்தல் மக்கள் தம் உணவைப் பாணனுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். மலைபடுகடாம் வழியின் சிறப்பை மட்டுமன்றி அதன் இடர்களையும் மறையாது உரைக்கின்றது. ஆற்றுப்படையும் ஒருவகை விளம்பரமே, வள்ளலின் புகழைப் பரப்புவதே அதன் நோக்கம் என்று கூறுவாருமுளர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் தன் வாயாலேயே தன்னைப் புகழ்ந்து வரவழைக்கும் வள்ளலை அவ்விலக்கியத்தில் நாம் காண்பதில்லை.

இன்று அயலூர் செல்ல விழைவோனை ஆற்றுப்படுத்துவது இணையத்தளம். விடுதி நடத்துவோரும் அரச சபைகளும் முகவர் நிறுவனங்களும் தத்தமக்கெனத் தளங்களை அமைத்துள்ளனர். இத்தளங்களை எவ்வாறு ஆக்குவது, எவ்வாறு மதிப்பிடுவது என்பன பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓர் ஆய்வுத்துறை வளர்ந்து வந்துள்ளது. நம் பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ மாணவர்களும் இத்துறையிற் புகுந்து ஆய்வேடு எழுதும் இக்காலத்தில், அத்துறையின் போக்கினை இலக்கிய மாணவனின் கண்கொண்டு நோக்குவது பொருத்தமற்றதாகாது. இணையத்தளமும் ஒரு பனுவலே. அதற்கும் ஆசிரியனுண்டு, மொழியுண்டு, வாசகனுண்டு.

றொப் லோ, ஷான்ஷான் சீ, டிமிற்றியோஸ் புஹாலிஸ் ஆகிய மூவரும் ‘டூரிசம் மனேஜ்மென்ட்’ ஆய்விதழில் 2010 இல் வெளியிட்ட மீளாய்வு இத்துறைக்குள் நுழைவோர்க்கு நல்ல வாயிலாகும். 1996 தொடக்கம் 2009 நடுப்பகுதி வரை வெளிவந்த மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அவர்கள், அவற்றின் முறைகளை ஐந்தாக வகுத்தனர். தளத்திலுள்ள கூறுகளை எண்ணிக் கணக்கிடுதல், மென்பொருளைக் கொண்டு தானாகவே சோதித்தல், கணித வாய்பாட்டினாற் புள்ளியிடுதல், பயனரின் தீர்ப்பைக் கேட்டல், இவற்றுட் சிலவற்றை இணைத்தல் என்பன அவை. தொகுத்தவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின் அடிப்படை மனப்பாங்கு யாது? தளம் என்பது ஒரு கருவி. அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

இதற்குச் சற்று முன்னர், 2002 இல், பில் டூலின், லொய்ஸ் பேர்கெஸ், ஜோன் கூப்பர் ஆகியோர் நியூசிலாந்தின் பிராந்திய உல்லாசப் பயண அமைப்புகளின் தளங்களை ஆராய்ந்தனர். தளமொன்று முதலில் தகவலை மட்டும் தரும். பின்னர் பயனரோடு ஊடாடும். ஈற்றில் பணக் கொடுக்கல் வாங்கலை நிறைவேற்றும். இவ்வாறு படிப்படியாக முதிர்ச்சி பெறும் என்பது அவர்கள் கையாண்ட மாதிரியின் சாரம். தெளிவான மாதிரிதான், பின்வந்தோர் பலர் அதனைப் பிறநாடுகளுக்கும் பொருத்திப் பார்த்ததில் வியப்பில்லை. எனினும் ‘முதிர்ச்சி’ என்னும் சொல்லில் ஒரு தீர்ப்பு மறைந்திருப்பதை மனங்கொள்ளல் வேண்டும். கடனட்டையை ஏற்கும் தளமே முதிர்ந்தது எனின், வழியைச் சரியாகச் சொல்லிவிட்டு, ‘வந்து சேருங்கள், பேசிக்கொள்வோம்’ என்று நிறுத்திக்கொள்ளும் பக்கம் என்றும் குழந்தைதான்.

இம்மாதிரியை நம் கரையில் வைத்துப் பார்ப்போம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நெருங்கிய ஊர்கள் அம்பாறைக் கரையோரத்தில் தொடர்ந்து செல்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் கரை இது. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஊர்கள் அருகிப் பொத்துவிலும், அதனையடுத்து அறுகம்பையும் வருகின்றன. உலகின் அலைச்சறுக்கு வீரர்கள் ஏப்ரல், மே முதல் ஒக்டோபர் வரை வந்து கூடுமிடம் அறுகம்பை. 2019 செப்டெம்பரில் அங்கு அனைத்துலகத் தகுதிகாண் போட்டியொன்றும் நடைபெற்றது. கொழும்பிலிருந்து மொனராகலை வழியாக வரும் பெருந்தெரு பொத்துவிலில்தான் கடலைத் தொடுகின்றது. ஆகவே அவ்வழி வரும் பயணி தெற்கே திரும்பிவிடுகிறான். ஏறத்தாழ 70 கிலோமீற்றர் வடக்கேயுள்ள கல்முனையை அவன் காண்பதில்லை. அவனை ஆற்றுப்படுத்தும் பக்கங்களிலும் கல்முனை இல்லை. யான் பார்த்த ஆங்கிலப் பக்கங்கள் பலவற்றில் இக்கரை என்பது ஒரு குடாவும் சில அலைமுனைகளுமே. முனைகளின் பெயர்களும் வந்தவர்கள் இட்டவை: விஸ்கி முனை, கடலைத் தோட்டம் என்றவாறு. முஸ்லிம் குடியானவரின் கரையொன்று விஸ்கியின் பெயரால் உலகுக்கு அறிமுகமாவதை அவ்வூர்ப் பெரியவர்கள் எவ்வாறு எடுத்துக்கொள்வர் என்று எந்த மதிப்பீட்டுப் பட்டியலும் வினவியதாகத் தெரியவில்லை. ஊரார் வழங்கும் ‘உல்லை’ என்னும் பெயர் அப்பக்கங்களில் அரிதாகவே தென்படுகிறது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் மிகுந்த உயிர்களைக் காவுகொண்ட மாவட்டம் அம்பாறை. அதன்பின் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றர் எல்லைக்குள் வீடுகளை மீளக் கட்டலாகாது என்று அரசு அறிவித்தது. மீனவர் வாடிகள் அகல வேண்டியிருக்க, அதே கரையை உயர்விலைப் பயணிகளுக்கான இடமாக மாற்றும் திட்டம் அறுகம்பைக்கென 2005 இல் வரையப்பட்டது. நவோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட தமது நூலில் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளார். அவருடைய முடிபுகள் அனைத்தையும் ஒருவர் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: ஆளில்லாக் கடற்கரை என்னும் படிமம் திட்டத்திற்கு முன்னரே விளம்பரத்தில் உருவாகியிருந்தது. வெண்மணல், தென்னை, ஒரு படகு, படகோட்டி இல்லை. இப்படத்தைத் தாங்கிய பக்கத்திற்கு நமது மாணவன் ‘காட்சித்தரம்’ என்னும் தலைப்பின்கீழ் ஐந்துக்கு ஐந்து புள்ளியிடுவான். பட்டியலின்படி அவன் செய்தது சரியே. ஜோன் அறி 1990 இல் உல்லாசப் பயணியின் ‘நோக்கு’ பற்றி எழுதிச் சமூகவியலில் எழுப்பிய வினாக்கள், தளங்களை எண்ணுவோரைப் பெரிதும் சென்றடையவில்லை என்பதே எனது எண்ணம்.

2010 ஐ அடுத்து ஆய்வின் போக்கு மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பயணிகள் தாமே எழுதும் கருத்துரைகளின்பால் கவனம் திரும்பிற்று. தேடுபொறியில் ஓர் ஊரைத் தேடுவோனுக்கு அத்தகைய சமூக ஊடகப் பக்கங்கள் கணிசமாகக் கிடைக்கின்றன என்பதை ஷெங் சியாங், உல்ரிக்கே கிறெற்செல் ஆகியோர் 2010 இல் எடுத்துக்காட்டினர். 2000 இல் தோன்றிய ட்றிப்அட்வைசர் போன்ற தளங்கள் ஒருவகையில் ஆற்றுப்படையின் மீள்வருகையே: சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்குச் சொல்கிறான், இடரையும் சொல்கிறான். இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் இங்கும் விருந்தளிப்பவன் பேசுபொருளாகவே நிற்கிறான். பொத்துவில் விடுதிக்காரர் ஒருவர் என்னிடம் கூறியது நினைவுக்கு வருகிறது: “நம்மளப் பத்தி அவங்க எழுதிறத மகன் வாசிச்சுச் சொல்லுவான். பதில் எழுதச் சொன்னா, ‘எல்லாருக்கும் நன்றி எண்டுதான் வாப்பா எழுதலாம்’ எங்கிறான்.” முன்பதிவுத் தளங்கள் அறை வாடகையில் பொதுவாக நூற்றுக்கு 15 வீதம் அளவில் தரகு கொள்கின்றன. அத்தரகு பற்றி அவர் அதிகம் குறைப்படவில்லை. தம் வீட்டைப் பற்றித் தாம் வாசிக்க முடியாத மொழியில் தீர்ப்பு எழுதப்படுவதே அவரை உறுத்தியது.

‘வருபவன் தமிழ் அறியான், தமிழ்ப் பக்கம் எதற்கு?’ என்ற வினா இங்கே எழும். விடை எளிது. வருபவர் யாவரும் வெள்ளையரல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் இக்கரை வழியே பொத்துவில், பாணமை, உகந்தை என நடந்து காட்டினுட் புகுகின்றனர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்ற விழாவிற்குத் தொலையூர்களிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். ஈற்றுநாட் கந்தூரியில் உணவு பகிரப்படுகின்றது. ஆய்வுநூல்களின் ‘உல்லாசப் பயணி’ என்னும் வரைவிலக்கணத்துள் இவர்கள் அடங்குவது அருமை. ‘உல்லாசம்’ என்ற சொல்லே அவர்களை வெளியே தள்ளிவிடுகிறது. தமிழகத்தார் வழங்கும் ‘சுற்றுலா’ சற்றே இடங்கொடுக்கும். ‘விருந்து’ என்பதற்குப் புதுமை, புதியவர் என்று பழந்தமிழில் வழங்கிய பொருள் இன்னும் இடங்கொடுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் தமிழும் அரசகரும மொழியென 1987 இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளன் தளத்தில் மொழித்தெரிவுப் பொத்தான் உண்டா என்று பார்த்து ‘ஆம்’ என்று குறித்துக்கொள்வான். பொத்தானை அழுத்தியபின் வருவது தமிழா, பொறி மொழிபெயர்த்த சொற்குவியலா என்று பார்க்க அவன் பட்டியலில் இடமில்லை. எண்ணும் முறையின் குறைபாடு இதனைவிடத் தெளிவாக வேறெங்கும் புலப்படாது.

2024 ஒக்டோபர் 23 இல் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அறுகம்பையில் உல்லாசப் பயணிகளைக் குறிவைத்துத் தாக்குதல் நிகழக்கூடும் என எச்சரித்தது. சில மணிநேரத்துள் அவ்வூர்ப் பெயர் உலகச் செய்தியாயிற்று. எச்சரிக்கை விடுப்பது தூதரகத்தின் கடமை. அதனை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அன்று அவ்வூரைப் பற்றித் தேடியவனுக்கு, அங்கு வாழ்வோர் யார், வந்தாரோடு எவ்வாறு பழகுவர், ஒரே சஹனைச் சுற்றியமர்ந்து உண்ணும் அவர்தம் வழக்கம் யாது என்பவற்றை அவ்வூராரே சொல்லும் பக்கம் எங்கே இருந்தது? ஊரைப் பற்றி எல்லோரும் பேசிய நாளில் ஊர் பேசவில்லை. பேசும் இடத்தை அது முன்னரே அமைத்திருக்கவில்லை.

1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதே கரையில், ஒலுவிலில் அமைந்துள்ளது. அங்கு முகாமைத்துவமும் தமிழும் கற்பிக்கப்படுகின்றன. இரு துறை மாணவரும் ஒருங்கே அமர்ந்து வேறொரு வினாப்பட்டியலை வரையலாம். பக்கத்தில் யார் பேசுகிறார்? ஊர்ப்பெயர் ஊரார் வழங்கும் பெயரா? பேசப்படுவோர் அதனை வாசித்து மறுக்க இயலுமா? இடர் சொல்லப்பட்டுள்ளதா? நோன்பு மாதத்துப் பகலில் உணவுக்கடைகள் அடைத்திருக்கும் என்ற எளிய செய்தியேனும் உண்டா? இவ்வினாக்களுக்கு ஐந்துக்கு இத்தனை எனப் புள்ளியிட முடியாதென்று மேற்பார்வையாளர் மறுத்தல் கூடும். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் அதற்கு விடையிறுக்க வேண்டியவர் மாணவர். ஆயினும் தொடக்கத்திற்குக் கல்முனைக்குடிக் கொடியேற்றமே போதும். கொடி எப்போது ஏறும், பெண்கள் எவ்விடத்தில் நிற்பர், காலணியை எங்கே விடுவது, இரவில் தங்க இடமின்றேல் யாரிடம் கேட்பது என்று அவ்வூரவர் ஒருவர் தம் தமிழில் எழுதும் ஒரு பக்கம்.