சுருள்தாளில் ஒரு கையொப்பம்

செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையுடன், யாரோ மறைத்துவைத்த சிறு பெட்டியைத் தேடிக் கண்டெடுக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டு, ஜிபிஎஸ் குறிகைகளில் வேண்டுமென்றே கலக்கப்பட்டுவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் மறைத்த ஒரு வாளியிலிருந்து பிறந்தது. ஜெர்மானியர் அப்பெட்டியை ‘டோஸே’, அதாவது டப்பா, என்றே அழைக்கின்றனர். பழைய படச்சுருள் டப்பா பல இடங்களில் அப்பணியைச் செய்வதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

கண்டெடுத்தவர்கள் கையொப்பமிடுவதற்காக அதனுள் இருக்கும் பதிவுத்தாளே இவ்விளையாட்டின் மிக அழகிய பொருள் எனலாம். விரலகலமே உள்ள அந்தத் தாள் இறுகச் சுருட்டப்பட்டு, ஓரங்கள் ஈரத்தில் உப்பி, பேனா வழுக்கும் இடத்தில் பென்சில் மட்டுமே பதியும் நிலையில் இருந்தாலும், முன்பின் அறியாத பலரின் புனைபெயர்களையும் தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாங்கி நிற்கிறது.

அப்புனைபெயர்களுக்கு முகம் கிடைப்பது ஜெர்மானியர் ‘ஷ்டம்டிஷ்’ என்று அழைக்கும் வழக்கமான உணவகச் சந்திப்பில். பல நகரங்களில் மாதந்தோறும் நடக்கும் அக்கூட்டத்தில், டப்பாவுக்கு டப்பா பயணிக்கும் எண் பொறித்த வில்லைகள் கைமாறுகின்றன, வந்தவர் அனைவரும் பொதுப் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றனர், நனைந்துபோன டப்பாக்களைப் பற்றிய செய்தியும் அவற்றின் உரிமையாளரை அங்கேயே எட்டிவிடுகிறது.