செவியின் சாட்சியம்

'உங்கள் செவியை நம்புங்கள்' என்னும் அறிவுரை, ஸ்பீக்கரோ ஆம்பிளிஃபயரோ வாங்கப் புறப்படுகிறவருக்கு எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் காதால்தானே மதிப்பிட வேண்டும், அளவீட்டு அட்டவணைக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் செவியை நம்புகிறோம் என்று சொல்லும்போது உண்மையில் நாம் எதை நம்புகிறோம் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

இவ்வழக்கு சூடாக நடந்த களம் அமெரிக்க இதழுலகம். அளவீடுகளை முன்வைத்து எழுதும் மரபுக்கு 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழின் ஜூலியன் ஹிர்ஷ் நெடுங்காலம் அடையாளமாக விளங்கினார். 1962இல் ஜே. கார்டன் ஹோல்ட் 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கியது இம்மரபுக்கு மறுப்பாகவே. கருவியில் இசையைக் கேட்பது, கேட்டதை எழுதுவது என்பதே அவர் வழி.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. தொடக்ககால டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர்களை எடுத்துக்கொள்வோம். ஒலிச் சிதைவு மிகச் சொற்ப விழுக்காடே என்று தாளில் அச்சாகியிருக்கும். வீட்டில் இசைத்தாலோ கரகரத்து உறுத்தும். ஒலியலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. சுமை கைமாறும் இடத்தில் ஒரு சிறு இடறல் நேர்கிறது. முழு வலுவில் அளந்தால் அவ்விடறல் கணக்கில் கரைந்துபோகும். மெல்லிய இசையில் அதுவே பெரிதாகித் தெரியும். மேலும், வால்வு ஆம்பிளிஃபயர்களின் சிதைவு பெரும்பாலும் சுரத்தோடு இயைந்து மறைந்துவிடுவது. இதுவோ உயர் அதிர்வுகளாகத் தெறிப்பது. இவ்விரண்டையும் ஒரே விழுக்காட்டில் அடைப்பது பொருந்தாது என்பதைப் பிபிசி பொறியாளர் ஷார்ட்டர் 1950இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். எண் பொய்யன்று. அளக்க வேண்டியதை அளக்காமல் விட்டிருந்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது செவி.

ஆனால் இப்படி வென்ற செவி, விரைவிலேயே விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. கம்பிக்குக் கம்பி இசை மாறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். கருவியின் பெயரும் விலையும் பளபளப்பும் கண்முன் இருக்க, தீர்ப்பு மட்டும் காதினுடையது என்றார்கள்.

1994இல் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நம்மை நிறுத்துகிறது. கேட்டவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேர். கேட்கப்பட்டவை நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை பார்த்தபடி, மறுமுறை திரைக்குப் பின்னால். மலிவான சிறு பிளாஸ்டிக் ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் மரியாதையான மதிப்பெண் பெற்றது. திரை விலகியதும் சரிந்தது. பெருத்தவையும் விலையுயர்ந்தவையும் ஏறின. அதைவிட நம்மை வியக்க வைத்தது வேறொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி மெய்யாகவே மாறும். அம்மாற்றத்தைத் திரைக்குப் பின்னால் கேட்டபோது நன்கு இனங்கண்டவர்கள், பார்த்தபடி கேட்டபோது பெரிதும் தவறவிட்டார்கள். ஈசாக்கின் கதை நினைவுக்கு வருகிறது. கண் மங்கிய அம்முதியவரின் செவி யாக்கோபின் குரலைச் சரியாகவே அறிந்தது. கைக்குத் தட்டுப்பட்ட உரோமத்தை நம்பி அவர் செவியைத் தள்ளிவிட்டார்.

சோதனையின் பதற்றத்தில் நுண்மைகள் தப்பிவிடும் என்று செவிக் கட்சியார் மறுப்பதுண்டு. ஓரளவு ஏற்கலாம். ஆனால் திரை மறைத்த பொழுதில்தானே நுண்மையை மிகுதியாகக் கண்டார்கள்? திரை மட்டும் போதாது என்பதும் உண்மை. இரண்டு கருவிகளுள் ஒன்று மயிரிழை உரக்க ஒலித்தாலும், அதை உரப்பு என்று உணராமல் தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும் புகழத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே ஒலியளவைச் சமன்செய்ய வேண்டும். அதைக் காதால் செய்ய இயலாது, மீட்டர் வேண்டும். செவி தனித்துப் பேசுவதற்கே அளவீட்டின் துணை தேவைப்படுகிறது என்பதைச் செவிக் கட்சியார் ஏனோ பேசுவதில்லை.

எதிர்க் கட்சியாரும் மிகைப்படுத்த இடமில்லை. 2004இல் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளிலிருந்து கேட்பவரின் விருப்பத்தை முன்கணிக்கும் வாய்பாடு ஒன்றை வகுத்தார். முழுப் பொருத்தத்தை 1 எனக் கொண்டால், அவர் கணிப்பும் கேட்டவர் தீர்ப்பும் 0.86 அளவுக்கு இயைந்தன. பெரிய வெற்றிதான். ஆனால் அவ்வாய்பாட்டுக்கு எதை மதிப்பது, எதைத் தள்ளுவது என்று கற்பித்தவை திரைக்குப் பின்னால் கேட்ட செவிகள் அளித்த மதிப்பெண்களே.

செவிவழி விமர்சனத்தைத் தொடங்கிவைத்த ஹோல்ட் இறுதியில் என்ன நினைத்தார்? 2007இல், தாம் தொடங்கிய இதழுக்கே அளித்த நேர்காணலில், 1980களில் உயர்தர ஒலியுலகம் கண்மறைத்த சோதனைகளுக்கு உட்பட அடியோடு மறுத்ததே அது நம்பகத்தன்மையை இழந்ததற்குக் காரணம் என்று மனம் நொந்து கூறினார். 2009இல் மறைந்தார். அவ்விதழில் இன்று அளவீடுகளும் அச்சாகின்றன. விமர்சகர் மட்டும் கருவியின் பெயரையும் விலையையும் அறிந்தபடியே கேட்டு எழுதிவருகிறார்.